இரண்டுக்கு சைபர்

1905ஆம் ஆண்டு அமெரிக்காவில் கால்பந்து சீசன் முடிந்த கையோடு ‘சிகாகோ டிரிப்யூன்’ பத்திரிகை ஒரு கணக்கு வெளியிட்டது. செத்தவர்கள் 18 பேர். படுகாயம் அடைந்தவர்கள் நூற்றுக்கும் மேல். அந்த ஆண்டு அந்த நாட்டில் போர் எதுவும் நடக்கவில்லை. பையன்கள் பந்து விளையாடினார்கள், அவ்வளவுதான். செத்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஊர்க் குழுக்களில் ஆடியவர்கள். பெரிய கல்லூரிகள் ஆடியதைப் பார்த்து, அதேபோல் ஆடப் போனவர்கள். கல்லூரி ஆட்டக்காரர்கள் மூன்று பேர்தான். மூன்று பேர்தானே என்று பெருமூச்சு விட்ட கனவான்களும் இருந்தார்கள்.

அதே சிகாகோ நகரம் அதே வாரத்தில் தூங்கவில்லை. துக்கத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தை இரண்டுக்கு சைபர் என்று தோற்கடித்திருந்தது. ஒரே ஊர், ஒரே பத்திரிகை. ஒரு பக்கம் சாவுப் பட்டியல், இன்னொரு பக்கம் வெற்றிச் செய்தி. வாசகர்கள் எந்தப் பக்கத்தை முதலில் புரட்டியிருப்பார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

சிகாகோ பல்கலைக்கழகம் என்றால் நமக்கு வேறு நினைவுகள். சுப்ரமணியன் சந்திரசேகர் பல பத்தாண்டுகள் வேலை பார்த்த இடம். ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகையை ஆங்கிலம் பேசவைத்த இடம். அறிவுக்கு வேறு முகவரி தேவையில்லாத இடம். அப்படிப்பட்ட இடம் முதன்முதலாக ஊர் அறியப் பெயர் வாங்கியது எதனால் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஆட்டம் இல்லை இது. முட்டை வடிவப் பந்து. கையில் அணைத்துக்கொண்டு ஓடலாம். முன்னோக்கி எறியக் கூடாது. மூன்று வாய்ப்புக்குள் ஐந்து கெஜம் நகர்ந்தால் பந்து உங்களிடமே இருக்கும். நகராவிட்டால் எதிரிக்குப் போகும். ஐந்து கெஜம் நகர என்ன வழி? பந்து வைத்திருப்பவனை நடுவில் விட்டு, முன்னால் இருப்பவன் இழுக்க, பின்னால் இருப்பவன் தள்ள, எல்லோருமாக எதிரே நிற்பவன் மேல் போய் விழுவதுதான் வழி. குவியலுக்கு அடியில் குத்து, கடி, முழங்கால் எல்லாம் உண்டு. அங்கே நடப்பது நடுவருக்குத் தெரியாது. அடியில் கிடப்பவனுக்குத் தெரியும். சொல்லும் நிலையில்தான் அவன் இருக்கமாட்டான். தலைக்குத் தோல் தொப்பி போட்டுக்கொள்ளலாம், போடாமலும் இருக்கலாம். மொத்தம் 70 நிமிடம். இதற்குப் பெயர் குணநலன் வளர்ப்பது.

சிகாகோ பல்கலைக்கழகம் ராக்ஃபெல்லரின் எண்ணெய்ப் பணத்தில் எழுந்தது. 1892இல் வகுப்புகள் தொடங்கின. அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், எபிரேய மொழி அறிஞர், 18 வயதில் முனைவர் பட்டம் வாங்கியவர். அறிஞர்களை ஊர் ஊராகப் போய்ப் பிடித்துவந்தார். அந்த வேட்டையில் அவர் பிடித்த முதல் ஆட்களில் ஒருவர் ஆமோஸ் அலோன்ஸோ ஸ்டேக். யேலில் பாதிரியார் படிப்பில் சேர்ந்து, பிரசங்கம் வராததால் பாதியில் விட்டவர். பந்து வந்தது. சம்பளப் பேச்சை ஸ்டேக்கே பிற்பாடு எழுதியிருக்கிறார். ஹார்ப்பர் 1,500 டாலர் என்றார். இவர் வாய் திறக்கவில்லை. 2,000 என்றார். அப்போதும் மௌனம். 2,500 டாலர், இணைப் பேராசிரியர் பதவி, அதுவும் ஆயுள் முழுக்க என்றார். அந்த நாட்டில் கால்பந்துப் பயிற்சியாளருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைத்தது அதுதான் முதல் தடவை. ஆராய்ச்சி செய்து, கட்டுரை எழுதி, தலை நரைத்து, தயவுக்குக் காத்திருந்து வாங்கும் பதவியைப் பேசாமல் இருந்தே வாங்கியவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

நல்ல மனிதர் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். குடிக்கமாட்டார், புகைக்கமாட்டார், கெட்ட வார்த்தை சொல்லமாட்டார். கோபம் உச்சிக்கு ஏறினால் கழுதை என்பார். 102 வயது வரை இருந்தார். அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. கெட்டவர்கள் நடத்தியிருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருக்கலாம். இங்கே நடத்தியவர்கள் எல்லோருமே ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர்கள். அதுதான் சிக்கல்.

ஹார்ப்பர் ஒருமுறை இடைவேளையில் ஆட்டக்காரர்களிடம் போய்ப் பேசியது இன்னும் மோசம். ராக்ஃபெல்லர் முப்பது லட்சம் டாலர் தந்திருக்கிறார், இந்தப் பல்கலைக்கழகம் பெரிதாக வரும் என்று நம்புகிறார், நீங்கள் முதல் பாதியில் ஆடியதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றாராம். ஒரு பல்கலைக்கழகம் பெரிதா சிறிதா என்பதை முழங்கால் சிராய்த்த பதினொரு பையன்கள் முடிவுசெய்ய வேண்டும். நூலகம் எதற்குக் கட்டினார்கள் என்று தெரியவில்லை.

இனி 1905. அணித் தலைவர் மார்க் கேட்லின். நட்சத்திரம் வால்டர் எக்கர்சால். சின்ன உடம்பு, காற்றாய் ஓடும் கால், பந்தை எட்டி உதைத்தால் கம்பத்துக்கு நடுவில் போகும். விஸ்கான்சினை 4–0 என்று ஜெயித்தார்கள். அந்த நான்கும் எக்கர்சால் காலால் வந்தவை. இல்லினாயை 44–0 என்று நசுக்கினார்கள். யாரிடமும் தோற்காமல் நவம்பர் 30க்கு வந்தார்கள். தேங்க்ஸ்கிவிங் நாள். கடவுளுக்கு நன்றி சொல்லவேண்டிய நாளில் டிக்கெட் போட்டால் வசூல் அதிகம் என்பதை அந்த நாட்டுக் கல்லூரிகள் எப்போதோ கண்டுபிடித்திருந்தன.

எதிரி மிச்சிகன். ஐந்து ஆண்டுகளாக, 56 ஆட்டங்களாக, தோல்வி அறியாத அணி. அந்தச் சீசனில் மட்டும் அதுவரை 495 புள்ளி எடுத்திருந்தார்கள். எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது சைபர். இதையும் போட்டி என்று சொல்லித்தான் டிக்கெட் விற்றார்கள். அன்று மார்ஷல் ஃபீல்ட் மைதானத்தில் 25,000 பேருக்கு மேல் கூடினார்கள். மார்ஷல் ஃபீல்ட் என்பது ஜவுளிக்கடை முதலாளியின் பெயர். நிலம் கொடுத்தவர். ஒரு பக்கம் எண்ணெய், ஒரு பக்கம் ஜவுளி, நடுவில் கல்வி.

ஹார்ப்பர் புற்றுநோயில் படுத்திருந்தார். வீட்டுக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக ஆட்ட நிலவரம் வந்துகொண்டிருந்ததாம். இடைவேளையில் ஆள் அனுப்பி, எனக்காக இதை ஜெயித்தாக வேண்டும் என்று சொன்னதாகச் சொல்லிவருகிறார்கள். ஆறு வாரத்தில் இறந்துபோனார். சாகப்போகும் அறிஞரின் ஆசையைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லவில்லை. அவர் கட்டிய இடத்தில் வேதியியல் இருந்தது, வானியல் இருந்தது, அவருடைய எபிரேயம் இருந்தது. படுக்கைக்குக் கம்பி வந்தது மைதானத்திலிருந்து. அதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இரண்டாம் பாதி. எக்கர்சால் உதைத்த பந்து மிச்சிகனின் கோல் கோட்டுக்குப் பின்னால் போய் விழுந்தது. டென்னி கிளார்க் என்ற பையன் அதை எடுத்தான். அங்கேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வெளியே ஓடிவர முயன்றான். அடித்துக் கோட்டுக்குப் பின்னால் தள்ளினார்கள். விதிப்படி சிகாகோவுக்கு இரண்டு புள்ளி. ஆட்டம் முடிந்தது, ஐந்தாண்டுப் புகழும் முடிந்தது. ஊரெல்லாம் அவனைக் காட்டிப் பேசிற்று. பத்திரிகைகள் அவன் பெயரை விடவில்லை. கிளார்க் 1932இல் தற்கொலை செய்துகொண்டார். அவர் எழுதிவைத்ததாகச் சொல்லப்படும் கடிதத்தில் 1905இன் அந்தப் பிழைக்குப் பிராயச்சித்தம் என்ற பேச்சு இருந்ததாம். 27 ஆண்டுகள். குணநலன் வளர்த்தார்களே, அது இதுதான்.

ஜெயித்த பக்கம் என்ன ஆயிற்று? எக்கர்சாலை எல்லோரும் விரும்பினார்கள். அவர் வகுப்புக்குப் போவதை வற்புறுத்தும் அளவுக்கு மட்டும் யாரும் விரும்பவில்லை. கல்லூரிகள் வெற்றியை எப்படி விலைக்கு வாங்குகின்றன என்று அந்த நவம்பரிலேயே ‘காலியர்ஸ்’ வார இதழில் எட்வர்ட் ஜோர்டன் தொடர் எழுதினார். சிகாகோவின் பெயரும் அதில் இருந்தது. நுழையும் தகுதி முழுசாக இல்லாதவர்கள் எப்படி நுழைந்தார்கள், யார் யாருக்கு என்ன சலுகை என்று எழுதினார். பல்கலைக்கழகம் வழக்கப்படி வருந்தியது. எக்கர்சால் 1906இலும் ஆடினார். ஆடும் தகுதி தீர்ந்த சில வாரங்களில் அவரைப் பல்கலைக்கழகமே வெளியேற்றியது. பட்டம் இல்லை. படிக்கவில்லை என்பது அவர்களுக்கு அப்போதுதான் கண்ணில் பட்டதாம். கடைசி ஆட்டத்தின் கடைசி விசில் ஊதும்வரை கண்ணுக்கு ஏதோ கோளாறு.

பிறகு அவர் எங்கே போனார் தெரியுமா? ‘சிகாகோ டிரிப்யூன்’ பத்திரிகைக்கு. சாவுக் கணக்கு போட்டதே, அதே பத்திரிகை. விளையாட்டு நிருபர். கூடவே ஆட்டங்களில் நடுவராகவும் இருந்தார். தானே விசில் ஊதிய ஆட்டத்தைத் தானே பத்திரிகையில் விமர்சிப்பார். நடுவர் சரியாகச் செயல்பட்டார் என்று எழுத வேறு ஆளைத் தேடவேண்டிய செலவு மிச்சம்.

சிகாகோவை மட்டும் திட்டினால் அநியாயம். கிழக்கே இன்னும் பழைய, இன்னும் புனிதமான இடங்கள் இருந்தன.

யேல். 1904இல் அதன் அணித் தலைவர் ஜேம்ஸ் ஹோகன். வயது 27. மாணவர்தான், சந்தேகப்படாதீர்கள். நல்ல விடுதியில் அறை, சாப்பாடு இலவசம், உதவித்தொகை, சீசன் முடிந்ததும் கியூபாவுக்குப் பத்து நாள் சுற்றுலா. மைதானத்தில் விற்கும் ஸ்கோர் அட்டையில் பங்கு. அதற்கும் மேலே, அமெரிக்கன் டுபாக்கோ கம்பெனியின் ஏஜென்ட். ஊரில் விற்கும் சிகரெட் பாக்கெட்டுக்கு இவருக்குக் கமிஷன். உடம்பைப் பேணுவதுதான் விளையாட்டின் நோக்கம் என்று அதே கல்லூரி மேடையில் அதே ஆண்டு யாராவது நிச்சயம் பேசியிருப்பார். இதையெல்லாம் 1905இல் ‘மெக்ளூர்ஸ்’ இதழில் ஹென்றி பீச் நீதம் எழுதினார். ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயிலைத் தோலுரித்த அதே இதழ். எண்ணெயும் பந்தும் ஒரே பத்திரிகைக்கு ஒரே மாதிரிச் செய்தியாகத் தெரிந்தன. தெரிந்தது சரிதான். யேலின் ஆட்டப் பிதாமகர் வால்டர் கேம்ப்பின் கையில், விளையாட்டு வசூலில் சேர்த்த தனி நிதி ஒன்று லட்சம் டாலர் அளவுக்கு இருந்ததும் அந்தக் காலத்தில்தான் வெளியே வந்தது.

பிரின்ஸ்டன். 1903இல் டார்ட்மவுத் அணியில் மேத்யூ புல்லக் என்ற கறுப்பின மாணவர் ஆடினார். ஆட்டத்தில் அவருடைய கழுத்துப்பட்டை எலும்பை உடைத்துவிட்டார்கள். கறுப்பர் என்பதால்தானா என்று பிற்பாடு ஒரு பிரின்ஸ்டன் ஆட்டக்காரரிடம் நண்பர் கேட்டார். அவருக்கு மனம் புண்பட்டது. நிறம் பார்ப்பவர்கள் இல்லையாம் அவர்கள். எதிரணியில் எவன் ஆபத்தானவனோ அவனை முதல் ஐந்து நிமிடத்தில் வெளியே அனுப்பும்படிதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம். சமத்துவத்தை இவ்வளவு தெளிவாக விளக்கிய ஒரு பட்டதாரியை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஹார்வர்ட். தலைவர் சார்லஸ் எலியட். குத்துச்சண்டை, சேவல் சண்டை, காளைச் சண்டை எல்லாவற்றையும்விட இந்த ஆட்டம் கொடூரம் என்று சொல்லிவந்தவர். சொல்லிக்கொண்டே இருந்தார். 1903இல் அவருடைய கல்லூரியிலேயே மூன்று லட்சம் டாலருக்கு மேல் செலவழித்துக் கான்கிரீட்டில் மைதானம் எழுந்தது. 1905இல் 26 வயது பில் ரீட் 7,000 டாலர் சம்பளத்தில் பயிற்சியாளராக வந்தார். எந்தப் பேராசிரியருக்கும் அவ்வளவு இல்லை. எலியட்டுக்கே கிட்டத்தட்ட அவ்வளவுதான். கண்டிப்பவருக்கும் கண்டிக்கப்படுபவருக்கும் ஒரே அளவு கூலி கொடுத்த நிறுவனத்தை நடுநிலை இல்லாதது என்று யார் சொல்வார்கள்?

நாட்டின் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் சும்மா இருக்கவில்லை. செப்டம்பர் 5இல்தான் ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் சமாதான உடன்படிக்கை முடித்துவைத்திருந்தார். அடுத்த ஆண்டு நோபல் பரிசு வரப்போகிறது. அதே சூட்டோடு அக்டோபர் 9இல் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் மூன்றையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். பக்கத்தில் வெளியுறவு அமைச்சர் எலிஹு ரூட். இரண்டு பேரரசுகளைச் சம்மதிக்கவைத்தவர் மூன்று கல்லூரிகளிடம் வாங்கியது என்ன? ஒரு அறிக்கை. விதிகளை எழுத்தளவிலும் உணர்வளவிலும் மதிப்போம் என்ற வாக்குறுதி. விதிகளே கொன்றன, அவற்றை மதிப்பதால் என்ன மிச்சம் என்று அந்த மேஜையில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அடுத்த மாதம் ஜனாதிபதியின் மகன், ஹார்வர்ட் முதலாண்டு அணிக்காக யேலோடு ஆடி மூக்கை உடைத்துக்கொண்டு வந்தான். அப்பாவுக்கு ஆட்டத்தின் மேல் பிரியம் குறையவில்லை. சின்ன வலிக்கு அஞ்சும் ஆண்களைக் கல்லூரிகள் உண்டாக்கக் கூடாது என்று 1907இல் ஹார்வர்டிலேயே பேசினார். சின்ன வலி.

நவம்பர் 25. யூனியன் கல்லூரிக்கும் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்கும் ஆட்டம். யூனியன் அணியின் ஹெரால்ட் மூர், ஓடிவந்தவனைத் தடுக்கப் பாய்ந்தபோது தலையில் அடிபட்டான். மூளையில் ரத்தப்போக்கு. 19 வயது. அன்றே செத்தான்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஹென்றி மெக்ராக்கன் எலியட்டுக்குத் தந்தி அடித்தார். நீங்கள் மூத்தவர், எல்லாத் தலைவர்களையும் கூட்டுங்கள் என்றார். சேவல் சண்டையைவிடக் கொடூரம் என்று சொன்னவர் மறுத்துவிட்டார். கல்லூரித் தலைவர்களால் கால்பந்தைத் திருத்த முடியாதாம். பாடத்திட்டத்தை மாற்ற முடிந்தவரால், நாற்பது ஆண்டு ஹார்வர்டை ஆண்டவரால், தன் வளாகத்துப் பையன்களின் முழங்காலை மட்டும் ஆள முடியவில்லை. மெக்ராக்கன் தானே கூட்டினார். டிசம்பர் 28இல் 62 கல்லூரிகள் நியூயார்க்கில் கூடின. கூடி என்ன செய்தார்கள்? இதற்கு மேல் நம் வாசகருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? ஒரு பாலம் இடிந்தாலும், ஒரு கூட்டத்தில் நெரிசல் ஆனாலும் மறுநாள் காலை செய்தித்தாளைப் பிரிக்குமுன்பே நமக்குத் தெரிகிற அதே பதில்தான். கமிட்டி.

அந்தக் கமிட்டியிலிருந்து ஒரு கல்லூரி விளையாட்டுச் சங்கம் பிறந்தது; 1910இல் பெயரை என்சிஏஏ என்று மாற்றிக்கொண்டது. சில கல்லூரிகள் வேறு மாதிரி நடந்தன. கொலம்பியா ஆட்டத்தையே நிறுத்தியது. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ரக்பிக்கு மாறின. விஸ்கான்சினில் வரலாற்றாசிரியர் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் கொஞ்ச காலம் நிறுத்திவைப்போம் என்றார். மாணவர்கள் இரவில் திரண்டு அவர் வீட்டு வாசலில் கூச்சல் போட்டார்கள். பேராசிரியர்களின் கொடும்பாவி எரிந்தது. படித்த கூட்டம். சிகாகோ இருந்த கூட்டமைப்பு, சீசனுக்கு ஐந்தே ஆட்டம், மாணவர் டிக்கெட் 50 சென்ட்டுக்கு மேல் கூடாது என்றெல்லாம் சட்டம் போட்டது. சட்டம் பிடிக்காத மிச்சிகன் கொஞ்ச காலத்தில் கூட்டமைப்பையே விட்டு வெளியேறியது. ஐந்து ஆட்டம் என்பது பிறகு மெல்ல மெல்ல ஏறிற்று. தியாகத்துக்கு அங்கே அவ்வளவுதான் ஆயுள்.

விதிகளை எப்படி மாற்றினார்கள் என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. மைதானத்தை 40 அடி அகலப்படுத்தலாம், இடம் இருந்தால் நெரிசல் குறையும் என்பது கேம்ப்பின் யோசனை. நடக்கவில்லை. ஏன்? ஹார்வர்டின் கான்கிரீட் மைதானம். கட்டி மூன்று வருடம்கூட ஆகவில்லை. இடிக்க முடியுமா? கான்கிரீட்டுக்கு வலிக்குமே. அதனால்தான் பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டார்கள். இன்று அந்த ஆட்டத்தின் அழகு என்று உலகம் கைதட்டும் அந்த எறிதல், ஒரு கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்ததாலும் பிறந்தது. ஐந்து கெஜம் பத்தாயிற்று, எழுபது நிமிடம் அறுபதாயிற்று, இரு அணிக்கும் நடுவில் பந்தின் நீளத்துக்கு இடைவெளி விட்டார்கள். ஆட்டம் பிழைத்தது. ஆட்டக்காரன் பிழைப்பது அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் இருந்திருக்கும்.

சிகாகோ நகரத்துக்கு இன்னொரு பெருமையும் அப்போது இருந்தது. இறைச்சித் தொழிற்சாலைகள். அப்டன் சின்க்ளேர் அந்த 1905இல்தான் அவற்றைப் பற்றிய நாவலைத் தொடராக எழுதிக்கொண்டிருந்தார். புத்தகம் 1906இல் வந்தது. சாப்பிடுவதில் என்ன கலந்திருக்கிறதோ என்று நாடு குமட்டிக்கொண்டது. ஜூன் 30இல் இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். அரசாங்க ஆள் ஒவ்வொரு மாட்டையும் பார்க்கவேண்டும். அதே நகரத்தில், சில மைல் தள்ளி, மனிதப் பிள்ளைகளைப் பார்க்க ஒரு சங்கமும் அதன் வேண்டுகோளும். மாடு வாக்காளரின் வயிற்றுக்குள் போகிறது. பையன் கண்ணுக்கு மட்டும்தான். எதற்குச் சட்டம் வரும், எதற்கு வேண்டுகோள் வரும் என்பதில் குழப்பமே இல்லை.

1909இல் சாவு மறுபடி கூடிற்று. 1905ஐயும் தாண்டிற்று. ராணுவக் கல்லூரியின் ஆட்டக்காரர் ஒருவர், வர்ஜீனியாவின் ஆட்டக்காரர் ஒருவர் அந்தக் கணக்கில் அடக்கம். மறுபடி கூடினார்கள், மறுபடி விதி மாற்றினார்கள். பின்னாலிருந்து தள்ளக் கூடாது என்று 1910இல் கண்டுபிடித்தார்கள். தலைக்கவசம் கட்டாயம் என்று என்சிஏஏ சொன்னது 1939இல். மூர் தலையில் அடிபட்டு 34 ஆண்டுகள். தலையில் அடிபட்டால் ஆபத்து என்ற முடிவுக்கு வர, அறுபத்திரண்டு கல்லூரிகளின் மொத்த அறிவுக்கும் அவ்வளவு காலம் பிடித்தது. அதற்குள் இயற்பியல்காரர்கள் அணுவையே பிளந்துவிட்டார்கள்.

சிகாகோவுக்கும் அந்த 1939தான். ஸ்டேக்கை எழுபது வயதில் ஓய்வு கொடுத்து அனுப்பியாகிவிட்டது. அப்போதைய தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் ஆட்டத்தைக் கண்ணெடுத்துப் பார்க்காதவர். அந்த ஆண்டு மிச்சிகன் வந்து 85–0 என்று ஆடிவிட்டுப் போயிற்று. டிசம்பரில் பல்கலைக்கழகம் கால்பந்தையே மூடிவிட்டது. கொள்கை முடிவு என்று பாராட்டினார்கள். நானும் பாராட்டுகிறேன். 1905இல் இரண்டுக்கு சைபர் என்று ஜெயித்த அன்று வராத கொள்கை, சைபருக்கு எண்பத்தைந்து என்று தோற்ற ஆண்டில் வந்தது. கொள்கைக்கும் நல்ல நேரம் பார்க்கத் தெரிகிறது. காலியான மைதானக் கேலரிக்கு வேலை கிடைத்தது: 1942 டிசம்பர் 2இல் அதன் மேற்குப் பக்கத்துக்கு அடியில் இருந்த ஸ்குவாஷ் அறையில் என்ரிகோ ஃபெர்மி முதல் அணுத் தொடர்வினையை ஓடவிட்டார். நடு நகரத்தில், மாணவர் விடுதிகளுக்குப் பக்கத்தில். அதற்கும் கமிட்டி இருந்தது.

கடைசியாக ஒரு கணக்கு பாக்கி. செத்தவனுக்கு யார் பணம் கொடுப்பது என்ற கணக்கு. அதுவும் ஒருநாள் நீதிமன்றத்துக்கு வந்தது. கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் என்ற சின்னக் கல்லூரி. 1955இல் ரே டென்னிசன் என்ற ஆட்டக்காரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். மனைவி, மூன்று குழந்தைகள். உதவித்தொகை கொடுத்து ஆடவைத்தார்கள், வேலை செய்து செத்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டை எங்களுக்கும் கொடுங்கள் என்று அந்தப் பெண் கேட்டார். மாணவனை மாணவன் என்றே அழைப்பதில் கல்லூரிகள் திடீரென்று மிகக் கறாராகிவிட்ட காலம் அது. தொழிலாளி என்றால் பணம் கொடுக்க வேண்டும். 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு காசு கிடையாது. காரணமும் எழுதினார்கள். கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லை. அவர் ஆடியதால் கல்லூரிக்கு லாபம் எதுவும் இல்லை.